அளவுச் சட்டை

2023 மே மாதம் வேளச்சேரியில் வீடு மாறினேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பரணில் இருந்து என் கல்லூரிக்காலச் சூட்கேஸை இறக்கினேன். உள்ளே மார்க் ஷீட்டுகள், காலாவதியான ரயில் பாஸ், யாருடையதென்றே தெரியாத ஒரு ஹெட்போன். அடியில் ஒரு பேக்கரி கவர். பிரித்துப் பார்க்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கவரை அப்படியே திரும்ப வைத்து மூடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

வெள்ளையில் ஊதாக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. மடித்த இடத்தில் மட்டும் பழுப்பேறியிருந்தது. மற்றபடி புதுசு. ஏழு வருடமாகப் புதுசு.

அதைத் தைத்தவனின் பெயரைப் போடக் கூடாது என்று அவனே சொல்லிவிட்டான். அதனால் மாப்ள என்றே எழுதுகிறேன். கூப்பிடுவதும் அப்படித்தான். அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் இதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

பத்தாவது வரை ஒரே பெஞ்சு. 2009-இல் பரீட்சை முடிந்த இரண்டாவது வாரம் அவன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். ரிசல்ட் வந்தபோது அவனுக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். என்னைவிட எட்டு மார்க் அதிகம். "சரிடா, நைட்டு பேசுறேன், மிசினு ஓடுது" என்று வைத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் இது கதையே இல்லை. வீட்டுக்கு ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் பாதி மதுரை ஜில்லா திருப்பூரில்தான் இருக்கிறதோ என்று சந்தேகம் வரும்.

நான் பள்ளியை முடித்தேன், மதுரையில் பி.ஏ. பொருளாதாரம், சென்னையில் எம்.ஏ. படித்தேன். 2016 ஜூனில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக மாப்ளையும் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேக்கரி கவரை நீட்டினான். தேங்காய் பன் என்று நினைத்து வாங்கினேன்.

"நானே தைச்சேன்டா" என்றான்.

"நீதான் தினமும் தைக்கிறியே" என்றேன்.

இந்தப் பதிலை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் விட்டான். "சேர்ற அன்னைக்குப் போட்டுக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னான்.

அவன் தினமும் தைத்துக்கொண்டுதான் இருந்தான். என்ன தைத்தான் என்று நான் கேட்டதே இல்லை. பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கம்பெனியில் ஒரு டீ-ஷர்ட் ஒரே ஆளிடம் தயாராவதில்லை. வெட்டுவது கட்டிங் மாஸ்டர். ஒருவர் தோளை இணைப்பார், ஒருவர் கழுத்துப்பட்டி வைப்பார், ஒருவர் கை வைப்பார், ஒருவர் பக்கவாட்டை ஓட்டுவார், பேட்லாக் மிஷினில் ஒருவர் அடியை மடித்து அடிப்பார். பிறகு பிசிறு வெட்ட, செக்கிங் பார்க்க, அயர்ன் போட, பேக் பண்ண என்று ஆட்கள். மாப்ள ஓவர்லாக் டெய்லர். அவன் வேலை கை வைப்பது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவாகிவிடும். ஐநூறு பீஸுக்குக் குறையாது. பீஸுக்கு இரண்டு கை. சனிக்கிழமை சம்பளம். ஏழு வருடம் கை வைத்திருக்கிறான். லட்சக்கணக்கான சட்டைகள் அவன் மடியைத் தாண்டிப் போயிருக்கும். அதில் ஒன்றைக்கூட அவன் தைத்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்த விஷயத்தை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை. 1776-இல் வந்த புத்தகத்தின் முதல் அத்தியாயம். ஒருவன் கம்பியை இழுக்கிறான், ஒருவன் நிமிர்த்துகிறான், ஒருவன் நறுக்குகிறான், ஒருவன் கூர் தீட்டுகிறான். இப்படி ஒரு குண்டூசிக்கு 18 வேலை. பத்துப் பேர் பிரித்துக்கொண்டு செய்தால் ஒரு நாளைக்கு 48,000 குண்டூசி. ஆளுக்கொன்றாகத் தனியே முழுக் குண்டூசியையும் செய்யப் போனால் இருபதுகூடத் தேறாது. ஐந்து மார்க் கேள்வி இது, தவறாமல் வரும். அதே புத்தகத்தின் பிற்பகுதியில், வாழ்நாள் முழுக்க ஓரிரண்டு வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்பவனின் புத்தி மழுங்கிப்போகும் என்றும் ஸ்மித் எழுதியிருக்கிறார். அது எங்கள் சிலபஸில் இல்லை. இருந்திருந்தாலும் மாப்ளையை நினைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது. வகுப்பில் படிப்பது யாரோ வெள்ளைக்காரனின் குண்டூசியைப் பற்றி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, சட்டைக்கு வருகிறேன். அன்று ராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்தேன். தோள் கச்சிதமாக இருந்தது. நெஞ்சில் இரண்டாவது பட்டன் இழுத்துக்கொண்டு நின்றது. வயிற்றில் மூச்சை அடக்கினால்தான் பட்டன் மாட்டியது. மெஸ் சாப்பாட்டில் நான் ஊதியிருந்தேன் என்பது உண்மை. ஆனால் அப்போது பட்டது வேறு. இவன் மனதில் நான் இன்னும் அந்த ஒல்லிப் பையனாகவே இருக்கிறேன் போல என்று நினைத்தேன். கொஞ்சம் நெகிழ்ச்சியும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. காலரைக் கண்ணாடியில் பார்த்தேன். இடது முனை வலது முனையைவிட நூலளவு நீளம். நூலளவுதான். ஆனால் பார்த்த பிறகு அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

வேலைக்குச் சேர்ந்த அன்று மாலில் 1,799 ரூபாய்க்கு வாங்கிய ரெடிமேட் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். டைட்டாக இருந்ததால்தான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அது முழுக் காரணம் இல்லை. ஓ.எம்.ஆர். ரோட்டுக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் அந்தக் காலரோடு போக எனக்குக் கூச்சமாக இருந்தது. முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதலாம். எழுதினால் பழியைத் தலைமுறை மேல் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாப்ள கூப்பிட்டான்.

"போட்டியா?"

"போட்டேன்டா."

"எப்படி இருக்கு?"

"கரெக்டா இருக்கு மாப்ள. அளவெடுத்துத் தைச்ச மாதிரி. ஆபீஸ்ல ரெண்டு பேரு எங்க வாங்குனன்னு கேட்டாய்ங்க."

அந்த இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்தது ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. பொய் சொல்லும்போது கை தாராளமாகிவிடுகிறது.

ஒரு நொடி சத்தமில்லை. மிஷின் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. "கரெக்டா இருக்கா" என்றான். "ம்" என்றேன். "சரிடா, சாப்புடு" என்று வைத்துவிட்டான். போட்டோ அனுப்பு என்று கேட்பான் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சட்டையைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவன் கல்யாணத்துக்குப் போனேன், வேறு சட்டையில். 2020 ஊரடங்கில் கம்பெனி மூடி இரண்டு மாதம் அவன் ஊரில்தான் இருந்தான். நானும் லேப்டாப்போடு ஊருக்கு வந்திருந்தேன். தினமும் சாயங்காலம் அதே கண்மாய்க் கரை. முகக்கவசம் தைக்கிற ஆர்டர் கிடைத்துத் திருப்பூரில் சில கம்பெனிகள் திறந்துவிட்டார்கள் என்று சொன்னான், வட்டி பற்றிச் சொன்னான், குழந்தையின் காதுகுத்து பற்றிச் சொன்னான். சட்டையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

2023-க்குத் திரும்புகிறேன். புது வீட்டுத் தெருமுனையில் ஒரு ஆல்ட்ரேஷன் கடை. கடை என்றால் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், மேலே தார்ப்பாய். பேன்ட் உயரம் குறைக்க, ஜிப் மாற்ற, பிளவுஸ் பிரித்துவிட என்று எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். சட்டையைக் கொடுத்து, இதைக் கொஞ்சம் லூஸ் பண்ண முடியுமா என்று கேட்டேன். அப்படியெல்லாம் முடியாது, புதுசு எடுத்துக்கோ என்று அவர் சொல்லிவிட்டால் நிம்மதி என்கிற எண்ணமும் உள்ளே இருந்தது.

அவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. வாங்கியதும் உதறி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"யாரு தம்பி தச்சது?"

"ஃபிரெண்டு."

"இன்னா வேலை பண்றாரு?"

"திருப்பூர்ல... பனியன் கம்பெனி."

"அதான்" என்றார். "கை வெக்கிற ஆளா?"

எனக்குச் சிலிர்த்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். கையும் உடம்பும் சேரும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். சுருக்கம் இல்லை, இழுப்பு இல்லை, தையல் ஒரே ஓட்டம். நாற்பது வருஷமாகத் தைப்பவருக்கும் இப்படிச் சுற்றி வராது என்றார். பிறகு காலரைத் திருப்பினார். "இங்க பாரு, இது புதுசா கத்துக்குனவன் கை. கேன்வாஸ திருப்புறப்ப முனை தள்ளிப் போயிருக்கு. பிரிச்சு மறுபடி தச்சிருக்கான், ஊசி போன ஓட்டை தெரியுது பாரு. ரெண்டு வாட்டி பிரிச்சிருக்கான்." காஜா எல்லாம் கையால் எடுத்தது. மேலிருந்து கீழே வர வர நேர்த்தியாகிக்கொண்டே வருகிறது. முதல் காஜா சொதப்பல், கடைசி காஜா சுத்தம். ஒரு சட்டைக்குள்ளேயே ஒருவன் காஜா எடுக்கப் பழகியிருக்கிறான்.

அப்புறம் பக்கவாட்டுத் தையலைப் பிரித்துக் காட்டுவது போல விரலால் அகட்டினார். உள்ளே ஒரு இஞ்சுக்கு மேல் துணி. தையலுக்கு அந்தப் பக்கம் அப்படியே மடிந்து கிடந்தது. கையின் அடித்தையலிலும் அதே அளவு.

"லூஸ் பண்ண முடியுமான்னு கேக்குற. லூஸ் பண்றதுக்குன்னே விட்டுத்தான் தச்சி வெச்சிருக்கான். உன்கிட்ட சொல்லலியா?"

ரெடிமேட் சட்டையில் இப்படி இருக்காது என்பதைக் கவனித்துப் பாருங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் எதையாவது திருப்பிப் போட்டால் தெரியும். தையலைத் தாண்டிக் கால் இஞ்ச், அரை இஞ்ச் இருந்தால் அதிகம். ஆயிரக்கணக்கில் வெட்டும்போது பீஸுக்கு ஒரு இஞ்ச் கூடுதலாக விட்டால் எத்தனை மீட்டர் துணி போகும் என்று கணக்குப் போடுவார்கள். வாங்குகிறவன் பெருத்தாலோ இளைத்தாலோ அது கம்பெனியின் கவலை இல்லை. மாப்ள வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு பீஸ் வந்தால் செக்கிங்கில் டேமேஜ் என்று தூக்கிப் போடுவார்கள்.

பெரியவர் எண்பது ரூபாய் கேட்டார், நாளைக்கு வா என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பத்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை. மாப்ளைக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாப்ள, அந்தச் சட்டையை நான் போடவே இல்லடா" என்று நேராகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"கரெக்டா இருக்குன்னு சொன்னேல்ல. அது கரெக்டா இருக்காதுடா."

அப்போதுதான் முழுக்கதையும் வந்தது. 2011 ஜனவரியில், நொய்யல் மாசுபட்டதற்காகத் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டது. சாயம் இல்லையென்றால் துணி இல்லை, துணி இல்லையென்றால் தையல் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருந்தாலே பெரிது என்று ஆனது. பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பினார்கள். மாப்ள கிளம்பவில்லை. அவன் ரூம் இருந்த சந்தில் மிதி மிஷின் வைத்திருந்த ஒரு வயசான டெய்லரிடம் போய் உட்கார்ந்தான். முதலில் பட்டன் கட்ட, பிறகு ஹெம்மிங், பிறகு காஜா. கத்தரியைக் கையில் கொடுக்க அந்த மனுஷன் ஆறு மாதம் ஆக்கினார். அதுவும் தினத்தந்தி பேப்பரில்தான் வெட்டிப் பழக வேண்டும். அவன் பேப்பரில் எத்தனை சட்டை வெட்டினான் என்று அவனுக்கே தெரியாது. பட்டறைகள் திறந்து வேலை சூடு பிடித்ததும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவான். அப்படியே ஐந்து வருடம். எனக்கு வேலை கிடைத்த செய்தி தெரிந்ததும் ரெண்டேகால் மீட்டர் துணி எடுத்து, பேப்பரை விட்டுத் துணியில் கத்தரியை வைத்தான். அவன் வெட்டி அவனே தைத்த முதல் முழுச் சட்டை அது.

"அளவுக்கு உங்க அம்மாகிட்டத்தான் கேட்டேன். அத்தை ஒரு சட்டைய எடுத்து எங்க அப்பாகிட்டக் குடுத்து விட்டாங்க. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, ப்ளஸ் டூவுல நீ போட்டது. காலரு நைஞ்சு கெடந்துச்சு."

"அப்ப பெருசா வெட்டியிருக்கலாம்ல?"

"அளவுச் சட்டைய மீறி வெட்டக் கூடாதுன்னு பெரியவர் சொல்லுவாரு. நீ பெருத்திருப்பன்னு தெரியும். எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தோளு மட்டும் பின்னாடி பிரிச்சு விட முடியாது, அதனால அத மட்டும் அரை இஞ்ச் கூட வெட்டிக்கிட்டேன். மத்ததுக்கு உள்ள துணி விட்டேன். போட்டுப் பார்த்துட்டு, டைட்டா இருக்குடா மாப்ளன்னு சொல்லுவ, குடு ஒரு மணி நேரத்துல பிரிச்சுத் தர்றேன்னு சொல்லலாம்னு இருந்தேன். அன்னைக்கு ராத்திரி முழுக்க ஊர்லதான இருந்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நீ கரெக்டா இருக்குன்ன. ரெண்டு பேரு கேட்டாய்ங்கன்ன. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஒரு டேமேஜ் பீஸைக் காட்டி, தையல் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று விளக்குவது போலச் சொன்னான். சட்டை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டான். தெருமுனை டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன், பிரிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"எவன்டா அவன்? முதல்ல போய் வாங்கு."

ஓடினேன். பெரியவர் இன்னும் கைவைக்கவில்லை. எண்பது ரூபாயை நீட்டினேன், வாங்கவில்லை. "தச்சவன்கிட்டயே போறது நல்லது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை இரவு பஸ்ஸில் திருப்பூர் போய் இறங்கினேன். இத்தனை வருடத்தில் அவன் இருக்கும் இடத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ஒன்றரை அறை வீடு. முன் அறையில் ஒரு ஓவர்லாக், ஒரு சிங்கர். கம்பெனியை விட்டு வந்து, ஜாப் ஒர்க் எடுத்து வீட்டிலேயே ஓட்டுகிறான். கட்டிங் பீஸ்கள் கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவன் பையன் அந்தக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தான். தங்கச்சி டீ கொடுத்துவிட்டு, "இவரு உங்களப் பத்திப் பேசாத நாளில்லண்ணே" என்றது. அந்த வாக்கியத்தைத் தாங்கிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

மாப்ள சட்டையைத் திருப்பிப் போட்டான். காலரைப் பார்த்துச் சிரித்தான். "என்னடா இப்படித் தைச்சிருக்கேன்" என்றான். வேண்டுமானால் காலரை மாற்றித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பிளேடை எடுத்துப் பக்கவாட்டுத் தையலைப் பிரித்தான். ஏழு வருடமாக மடிந்து கிடந்த துணி வெளியே வந்தது. இரண்டையும் ஜன்னல் பக்கம் பிடித்து, உள்ளே இருந்ததையும் வெளியே இருந்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"போட்டுத் துவைச்சிருந்தா வெளிய வெளுத்திருக்கும். பிரிச்சா வரி தெரியும். இதுல ஒண்ணும் தெரியல பாரு" என்றான். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னானா, துணியைப் பற்றித்தான் சொன்னானா என்று அவன் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை உருவினான். எழுந்து நில்லு என்றான். பெஞ்சு மேட்டாக இருந்த காலத்திலிருந்து அவன் என்னை அளவெடுப்பது அதுதான் முதல் முறை. தோள், நெஞ்சு என்று சொல்லச் சொல்லப் பையன் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டான். வயிற்றைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது எனக்கே தெரியாமல் உள்ளே இழுத்தேன்.

மாப்ள டேப்பைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"மூச்ச விடுடா" என்றான்.